சும்மா இராக் கையும் நீர்த்தொட்டிச் செடியும்

தமிழில் 'தொட்டிச்செடி' என்ற சொல் மொட்டைமாடிச் சிமெண்டுத் தொட்டியில் நிற்கும் ரோஜாவுக்கும் துளசிக்கும் நெடுங்காலத்துக்கு முன்பே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டபடியால், வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்குள் மீனோடு குடித்தனம் நடத்தும் செடிக்குப் பெயரே இல்லாமற் போயிற்று. கடைக்காரர் அதை 'லைவ் பிளாண்ட்' என்கிறார். உயிருள்ள செடி என்று அடைகொடுத்துச் சொல்ல வேண்டிய நிலை உயிரற்ற செடி ஒன்று பக்கத்துக் கொக்கியில் தொங்குவதால் நேர்ந்தது. அது பற்றிய ஆய்வு இறுதியில் வரும். உயிருள்ளது இக்கட்டுரையில் 'நீர்த்தொட்டிச் செடி' எனப்படும்.

இதனினும் சிக்கலானது 'பாசி' என்ற சொல். கிணற்றடியில் வழுக்கிவிடுவதும் பாசி. தொட்டிக் கண்ணாடியில் பச்சையாகப் படிவதும் பாசி. பள்ளி ஆய்வகத்தில் கவிழ்த்த புனலுக்கடியிலிருந்து குமிழி விட்டு ஒளிச்சேர்க்கையை மெய்ப்பித்த ஹைட்ரில்லா, பூக்கும் தாவரமாக இருந்தும், வேலம்பாசி. கல்லிலோ கட்டையிலோ கட்டி வளர்க்கப்படும் ஜாவா மாஸ், பாசியினத்தில் சேராத வேறொரு தாவரப் பிரிவு என்று தாவரவியலார் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், வீட்டாருக்குப் பாசியே. வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன கொளத்தூர் வரை சென்று விலை கொடுத்து வாங்கிவந்த மாஸை, விருந்தினர் வருமுன் வீட்டைத் துப்புரவாக்கும் பெரியம்மா ஒருவர் பாத்திரம் தேய்க்கும் நாரால் அடியோடு சுரண்டிவிடுவாரானால், அவருடைய மொழியறிவில் குற்றம் காண்பதற்கு இடமில்லை.

துறையின் வரலாறு சுருக்கமானது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849-இல் தங்கமீன் இரண்டையும் வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய செடியையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் குடிவைத்து, மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஒளியின் துணையால் எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது என்று கண்டு, 1850-இல் முடிவுகளை வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது அவற்றைத் தின்று தீர்க்க நத்தைகளை அவர் தாமே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இன்றைய வளர்ப்பாளருக்கு அச்சிரமம் இல்லை. கறிவேப்பிலை கொசுறு போல, செடிக்கட்டோடு நத்தைமுட்டை வந்துவிடுகிறது.

இனி ஆய்வின் நடுப்பொருள். எளிய செடி எது என்று வினவுவோருக்குக் கடைக்காரர் எல்லாச் செடிக்கும் ஒரே விடை தருகிறார்: 'இது சாகாது சார்.' இத்தொடரைப் பொய் என்று தள்ளிவிடுவது ஆய்வு நெறியாகாது. இதில் இரு சொற்கள் தொக்கி நிற்கின்றன. இலக்கணத்தார் இதை இசையெச்சம் என்பர். 'தொடாமல் இருந்தால்' என்ற அச்சொற்களை வருவித்துப் படித்தால் கடைக்காரர் கூற்று முழு உண்மையாகிவிடுகிறது. தானாக நன்றாயிருக்கும் ஒன்றை அப்படியே இருக்கவிடாத கையின் இயல்பு இங்குக் 'கையரிப்பு' என்று குறியிடப்படுகிறது. செடியின் எளிமை என்பது அக்கையரிப்பை அது எத்தனை நாள் தாங்கும் என்பதன் அளவே அன்றி வேறன்று.

இவ்வளவையில் முதலிடம் பெறுவது அனுபியாஸ். மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் நிழலார்ந்த ஓடைக்கரைகளுக்கு உரிய இச்செடிக்கு 1857-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஷாட், இறந்தோரைக் காக்கும் எகிப்தியத் தெய்வமான அனுபிஸின் பெயரைச் சூட்டினார். சாகவே மாட்டேன் என்று நிற்கும் செடிக்கு இறந்தோர் தெய்வத்தின் பெயர் வாய்த்தது, கோபக்காரருக்குச் சாந்தமூர்த்தி என்று பெயர் அமைவது போன்றதே. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் பிறந்த சேம்புக் குடும்பமே இதற்கும் குடும்பம் என்பதுதான் ஆபத்து. கிழங்கென்றால் மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்ற வழிவழி அறிவால், இலைகளும் வேர்களும் புறப்படும் தடித்த மட்டநிலத்தண்டைக் கூழாங்கல்லுக்குள் அமுக்கிவிடுகிறார்கள். புதைந்த தண்டு அழுகும். அதை நூலாலோ தூண்டில் நரம்பாலோ கட்டையில் கட்டிவிட்டு அப்பால் போய்விட வேண்டும். அடுத்த இலை வரச் சில வாரங்கள் ஆகலாம்; அதுவரை பார்த்துக்கொண்டே இருப்பதால் அது விரைந்து வருவதில்லை.

ஜாவா ஃபெர்னுக்கும் இவ்விதியே. அதன் இலையடியில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் வித்துத்தூள் பைகள். இலைநுனியில் வேரோடு முளைப்பவை அதன் குழந்தைகள். முன்னதை நோய் என்றும் பின்னதை அழுக்கு என்றும் கொண்டு கத்தரி எடுப்போர், செடியின் சந்ததியை இருமுறை அறுப்போராவர்.

கையரிப்பின் கொடுமை முழுமையாக வெளிப்படுவது கிரிப்டோகோரைன் என்னும் செடியிடத்தில்தான். இதுவும் சேம்புக் குடும்பமே. இதில் மிக எளிதாகக் கிடைக்கும் வெண்டிஐ என்னும் இனம் இலங்கை ஓடைகளுக்கே உரியது. புதிய தொட்டியில் நட்ட சில நாட்களில், நீரின் தன்மையோ ஒளியோ வெப்பமோ மாறிய அதிர்ச்சியால், இதன் இலைகள் கண்ணாடி போல் தெளிந்து கூழாகி உதிர்வதுண்டு. வளர்ப்புப் பண்ணைகளில் இத்தகைய செடிகள் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கப்படுவதும் இதற்குக் காரணம்; காற்றுக்கென அமைந்த இலை நீருக்குள் உதவாது என்று செடியே அதைக் கைவிட்டு வேறு இலை விடத் தொடங்குகிறது. அமேசான் ஸ்வார்டும் இவ்வாறே பழைய இலையைக் கழிக்கும். செடியைப் பொறுத்தவரை இது உடை மாற்றுதல். வளர்ப்பாளரைப் பொறுத்தவரை இழவு. வேர் நலமாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்துவிட்டு அவர் கடைக்குத் திரும்புகிறார். கடைக்காரர், 'இது சாகாது சார்' என்று அடுத்த கட்டை எடுத்துத் தருகிறார். அகத்திணை மரபை ஒட்டித் தொட்டிக்கு உரிப்பொருள் வகுப்பதாயின் அது முல்லையின் இருத்தலாகவே அமையும். உதிர்ந்த இலையை மட்டும் அகற்றிவிட்டு வேரை விட்டுவைத்தால் மூன்று நான்கு வாரங்களில் புதுத்தளிர் வருவது வழக்கமாகலின்.

வாலிஸ்நேரியா எதிர்நிலைச் சிக்கலைத் தருவது. கடினநீரைப் பொறுத்துக்கொள்வதால் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் அது வாழ்கிறது. ஓடுதண்டுகளை விட்டு, கேட்பாரின்றித் தொட்டி முழுவதும் பரவுகிறது. நடும்போது இலை தொடங்கும் இடம் கல்லுக்கு மேலே நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு உபதேசம் வேண்டியதில்லை. வேலம்பாசி அதனினும் விரைவானது. மிகுந்ததை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாமல் உலர்த்தி எருவாக்குவதே முறை.

செடிகளின் இயல்பு இதுவாக, கையின் இயல்பு ஞாயிறுதோறும் வெளிப்படுகிறது. தொட்டியை முழுவதும் காலிசெய்து, கூழாங்கல்லை அரிசி போல் களைந்து, ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து, செடிகளைக் கீரைக்கட்டு போல் அலசித் திரும்ப நடுவது தூய்மை எனப்படுகிறது. மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் வாழ்வது அப்பஞ்சிலும் கல்லிலும்தான் என்பதால், இத்தூய்மையின் முடிவில் கண்ணாடி பளிச்சென்றும் மீன் மேல்மட்டத்தில் வாய்பிளந்தும் காணப்படும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றி, பஞ்சை அவ்வாறு எடுத்த தொட்டி நீரிலேயே அலசினால் போதும். வேர் ஊன்றிவிட்டதா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்போர் தனி வகுப்பினர். விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறும் பிள்ளைப் பருவம் அவர்களுக்கு இன்னும் கழியவில்லை.

விளக்கைப் பற்றி ஓரிரு சொற்கள். நாளுக்கு ஆறு முதல் எட்டு மணிநேர ஒளி இச்செடிகளுக்குப் போதுமாயிருக்க, தொலைக்காட்சித் தொடர் முடியும் வரை அழகுக்காக எரியும் விளக்கு பச்சைப்பாசியையே வளர்க்கிறது. சன்னலோர வெயிலும் அவ்வாறே. செடிதான் ஆக்சிஜன் தருகிறதே என்று இரவில் ஏர் பம்ப்பை நிறுத்துவது மின்கட்டணச் சிக்கனம் ஆகலாம், அறிவியல் ஆகாது. இருளில் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை உட்கொள்கிறது.

இறுதியாக, கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் செடி. ஆர்வலர் இதை இழிவாகப் பேசுவது வழக்கமெனினும், கையரிப்பு முற்றியோருக்கு இதனினும் பொருத்தமான செடி இல்லை. நாள்தோறும் பிடுங்கி இடம் மாற்றலாம், ஞாயிறுதோறும் கழுவலாம். இதன் இலைமேலும் சில வாரங்களில் பாசி படியும். அப்போது பெரியம்மாவை அழைக்கலாம்.