எட்டு வடிவச் சாலைகள் வேண்டி ஒரு விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சமூகத்திற்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுவது:

இருசக்கர வாகனம் ஓட்டும் கலை முழுவதையும் ஒற்றை எண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்று கண்டறிந்து, அந்த எண்ணை மைதானத்தில் வரைந்து, அதன்மேல் கால் ஊன்றாமல் சுற்றி வருபவருக்கு நாட்டின் எந்தச் சாலையிலும், எந்த மழையிலும், எந்த நள்ளிரவிலும் ஓட்டும் உரிமையை வழங்குகிற நடைமுறை, கல்விச் சிக்கனத்தில் இதுவரை எவரும் தொடாத உயரத்தைத் தொட்டிருக்கிறது என்பதை அறிஞர் உலகம் உரிய முறையில் பாராட்டத் தவறிவிட்டது. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு வட்டங்களால் ஆன இத்தடத்தை ஓட்டிக் காட்டுவதே மக்கள் வழக்கில் ‘எட்டு போடுதல்’ எனப்படுகிறது. மருத்துவத்துக்கு ஐந்தாண்டுக்கு மேலும் சட்டத்துக்கு மூன்றாண்டும் படிக்க வைக்கும் பல்கலைக்கழகங்கள், ஒரு நிமிடத்துக்குள் ஒரு மனிதரின் உயிர்காக்கும் திறன் முழுவதையும் அளந்து முடிக்கும் இந்தக் களத்தின் ஓரத்தில் வந்து நின்று பாடம் கற்றுக்கொள்வது நல்லது.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. குறை தேர்வில் இல்லை, சாலைகளில்தான் இருக்கிறது. எட்டு போடுவதில் தேர்ச்சி பெற்று வெளியே வருபவர் தாம் கற்ற வித்தையைக் காட்டுவதற்குத் தமிழ்நாட்டில் எட்டு வடிவச் சாலை ஒன்றுகூட இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, எட்டின் பெருமையைச் சற்றும் அறியாத பொறியாளர்களால், பெரும்பாலும் நேராகவே போடப்பட்டுள்ளது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தும் அவற்றுள் ஒன்றுகூடத் திரும்பி வந்து தன்னைத் தானே தொட்டு எட்டாக முடிவதில்லை. வட்டங்களைத் தாராளமாக வைத்துக் கட்டப்பட்ட கத்திப்பாரா மேம்பாலத்தில்கூட, ஓட்டுநர்கள் ஒரு வளைவில் ஏறிய மறுகணமே விமான நிலையத்தையோ கிண்டியையோ நோக்கி நன்றியின்றி விலகிச் சென்றுவிடுகிறார்கள். எனவே மாநிலத்தின் சாலைகள் அனைத்தையும் படிப்படியாக எட்டு வடிவில் மாற்றியமைக்குமாறு நெடுஞ்சாலைத் துறைக்கு அலுவலகம் பரிந்துரைக்க வேண்டும் என்பதே இவ்விண்ணப்பத்தின் சாரம். தேர்வுக்கேற்பச் சாலையை மாற்றுவது, சாலைக்கேற்பத் தேர்வை மாற்றுவதைவிட எளிது என்றே இதுகாறும் நிலவும் மௌனம் உணர்த்துகிறது.

இந்த விண்ணப்பத்தை இப்போது எழுத நேர்ந்ததற்கு, அண்மையில் பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு மைதானத்தில் நிகழ்ந்த ஒரு தேர்வே காரணம். மலையடிவாரக் குக்கிராமங்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியுடன் பேருந்து மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த நடுத்தர வயதுக் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர், சொந்த ஸ்கூட்டரில் போகலாம் என்ற ஆசையில் அங்கே வந்திருந்தார். எட்டின் இரண்டாம் வட்டம் முடியும் தறுவாயில் அவருடைய இடது கால் கண்ணிமைக்கும் நேரம் தரையைத் தொட்டது. “கால் ஊனிட்டீங்கம்மா, அடுத்த தடவை பார்க்கலாம்” என்று, பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரார் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் தலை நிமிராமலே தீர்ப்பளிக்க, வேலியோரம் நின்ற ஓட்டுநர் பள்ளிப் பையன்கள், “அக்கா, மினி பஸ்ஸே உங்களுக்கு சேஃப்டி” என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்து வந்த இளைஞர், இரவல் பைக்கில், கோலத்துக்குக் கம்பி இழுப்பதுபோல் ஒரே மூச்சில் எட்டைப் போட்டு முடித்து, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வாயிலைக் கடந்ததும் சாலையின் எதிர்த்திசையில் பேருந்துகளுக்கு முகம் கொடுத்தபடி பறந்து சென்றார். அவர் தேர்ச்சி பெற்றார். எட்டு வடிவச் சாலையில் எதிர்த்திசை என்று தனியாக ஒன்று இருக்க வாய்ப்பில்லை என்பதால் அவர்மீதும் குற்றம் காண்பதற்கில்லை.

எட்டால் பயனே இல்லை என்று எவரும் வாதிடவில்லை. கிளட்சையும் பின் பிரேக்கையும் மெல்லக் கையாளவும், நெரிசலில் நடைவேகத்தில் வண்டியை நிலைநிறுத்தவும், திரும்பும் இடத்தை முன்கூட்டியே பார்க்கவும் அது பழக்குகிறது. சிக்கல் என்னவெனில், நடைவேகத்தில் வண்டி திரும்பும் முறை வேறு, சாலை வேகத்தில் திரும்பும் முறை வேறு. மெதுவாகச் செல்லும்போது ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அந்தப் பக்கமே போவதாகத் தோன்றுகிறது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரைத் தாண்டிய பின், வலப்பக்கம் போக விரும்புபவர் வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது, முன்சக்கரத்தை ஒரு கணம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் தரையைத் தொடும் இடம் இடப்பக்கமாக நகர, அதற்கு மேலே இருக்கும் வண்டியும் ஆளும் வலப்பக்கம் சாய, அந்தச் சாய்வின் வழியே வண்டி வலப்பக்கம் வளைகிறது. ஆங்கிலத்தில் கவுன்ட்டர் ஸ்டியரிங் என்று வழங்கும் இதனைத் தமிழில் எதிர்த்திருப்பல் எனலாம். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விருவருள் மூத்தவரான வில்பர் ரைட், இடப்பக்கம் திரும்ப முதலில் சக்கரத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது என்பதையும், நாள்தோறும் அதைச் செய்பவர்களே தாம் அப்படிச் செய்வதை உணர்வதில்லை என்பதையும் கவனித்திருந்தார். மிதிவண்டிக்கடைக்காரருக்கு நூறாண்டுக்கு முன்பே தெரிந்த ஒன்று உரிமப் பாடத்தில் இன்றும் இல்லாதிருப்பதற்கு, எட்டில் அதற்கு இடமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

தெரியாமலே செய்துவிடுகிறார்கள் என்றால் கற்பிக்க வேண்டிய தேவை என்ன என்று அலுவலகம் கேட்கக்கூடும். நிதானமாகச் செல்லும்போது உடல் தானாகச் செய்கிறது. அச்சம் பிடிக்கும்போது அது மறந்துவிடுகிறது என்பதே விடை. முன்னே சென்ற ஷேர் ஆட்டோ, கை நீட்டிய பயணிக்காகச் சட்டென நிற்கிறது. பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல் கடந்து வருபவர், வலப்பக்கம் தப்ப வேண்டும் என்ற பதற்றத்தில், எட்டில் பழகிய கையோடு ஹேண்டிலை வலப்பக்கம் திருப்புகிறார். வண்டி இடப்பக்கம் சாய்கிறது. இடப்பக்கத்தில்தான் ஆட்டோ நிற்கிறது. போதாக்குறைக்கு, கண் எதை வெறிக்கிறதோ அதை நோக்கியே வண்டி செல்லும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் ஆட்டோவின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே போய் மோதுகிறார்.

இது கற்பனை அன்று. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராயப்பட்டன. 1981-இல் வெளியான அவ்வறிக்கை, விபத்துக்குள்ளானவர்களிடம் எதிர்த்திருப்பி விலகும் திறன் அனேகமாக அறவே இல்லை என்று பதிவு செய்தது. பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. மோதலைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். தமிழ்நாட்டில் கார் கற்றுத்தர ஓட்டுநர் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்க, பைக்கைப் பெரும்பாலானோர் அண்ணனோ மாமாவோ பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் கற்கிறார்கள். “முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுடும்” என்பதே அந்த மாமாவின் முதற்பாடமும் கடைசிப் பாடமும். பிரேக் பிடித்ததும் எடை முன்னோக்கி நகர்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்திலேயே இருக்கிறது. நேராகச் செல்லும்போது அதைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும் மணல் கிடக்கும் இடத்திலும்தான் மாமா சொன்னது ஓரளவு செல்லும். இந்த வேறுபாட்டைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எட்டில் முன் பிரேக்குக்கு வேலையே இல்லாததால் அந்த ஐந்து நிமிடம் இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. கருவிக்குப் பயிற்சி அளித்தாகிவிட்டது, இனி ஆள்தான் பாக்கி.

பிற நாடுகளின் பேதைமையையும் ஒப்புநோக்குவது ஆராய்ச்சி மரபு. பிரிட்டனில் 2009 முதல் நடைபெறும் தேர்வின் முதற்பகுதியிலும் எட்டு உண்டு. ஆனால் அத்துடன் நில்லாமல், குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து திடீரென நிறுத்திக் காட்டவும், அதே வேகத்தில் வந்து தடையொன்றை விலகிச் செல்லவும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பலர் உரிமம் பெறும் சிங்கப்பூரிலும் எட்டோடு குறுகிய பலகைமேல் ஓட்டுவதும் அவசரப் பிரேக்கும் சேர்ந்தே வருகின்றன. எட்டைத் தெய்வமாக மதிக்காமல் ஒரு படிக்கட்டாக மட்டும் கருதும் இந்த அலட்சியத்தால், அந்நாட்டினருக்கு எட்டின் முழு அருளும் கிட்டாமல் போகிறது. இந்தியாவிலேயே 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகளில், இலகுரக வாகனப் பயிற்சிக்கு 29 மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. நான்கு சக்கரமும் இரும்புக் கூடும் இருக்கையில் கட்டும் வாரும் உள்ளவருக்கு 29 மணி நேரம். இரண்டு சக்கரமும் ஒரு ஹெல்மெட்டும் மட்டுமே உள்ளவருக்கு ஒரு நிமிடம்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பிடித்தது தமிழ்நாடு: 64,105. இறந்தவர்களில் எத்தனை பேர் எட்டு போட்டுத் தேர்ச்சி பெற்றவர்கள் என்று எந்த அலுவலகமாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கால் ஊன்றியதற்காகத் திருப்பி அனுப்பத் தெரிகிறது. பிரேக் பிடிக்கத் தெரியாதவனுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்போது மட்டும் ஏன் கை கூசவில்லை? அந்த உரிம அட்டை பிரேதப் பரிசோதனை அறையில் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படும்போது அதில் இருப்பது யாருடைய கையெழுத்து? ஹெல்மெட் போடாதவனை மடக்கி அபராதம் போடுவதோடு அரசின் கடமை முடிந்தது என்றால், முதல் நாளிலேயே அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்காமல் சாலைக்குள் தள்ளிவிட்டவருக்கு அபராதம் போடுவது யார்?

மேற்கண்ட வரிகள் வெயிலின் கொடுமையால் விளைந்தவை. அலுவலகத்தின் பெருந்தன்மை அவற்றைப் பொருட்படுத்தாது. மீண்டும் பணிவுடன் விண்ணப்பத்துக்கு வருவது முறை.

சாலைகளை எட்டாக்கும் பணி முடியச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதால், இடைக்கால ஏற்பாடாக, மைதானத்தில் ஏற்கெனவே உள்ள எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டுத் தடத்தை அனுமதிப்பது குறித்துப் பரிசீலிக்கலாம். பிரிட்டனைப்போல் 50 கிலோமீட்டருக்கு இடம் போதாது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் 30 கிலோமீட்டரிலேயே எதிர்த்திருப்பல் தெளிவாகப் புலப்படும், இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கத்தையும் அந்த வேகத்திலேயே ஊட்டிவிடலாம். தேவைப்படுவன வரிசையாகச் சில பிளாஸ்டிக் கூம்புகளும், “வலப்பக்கம் போக வலக்கையைத் தள்ளுங்கள்” என்று எழுதிய ஒரு பலகையும்தான். பலகை எழுதும் பெயின்டர் மைதானத்தின் வாசலிலேயே இருக்கிறார். எண் பலகை எழுதி அவருக்குக் கை பழகியிருக்கிறது. பழகுநர் உரிமத்துக்குக் கணினியில் நடக்கும் தேர்வில் போக்குவரத்துச் சின்னங்களுக்கிடையே முன் பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி சேர்ந்தாலும், பல வீடுகளில் மாமாக்களின் பாடத்திட்டம் ஆட்டம் காணும்.

இவை எட்டின் தனிப்பெருமைக்கு இழுக்கு என்று அலுவலகம் கருதுமாயின், எட்டிலிருந்து தேர்ச்சி பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும் எட்டு வேகத்திலேயே, அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மிகாமல், வாழ்நாள் முழுதும் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையை உரிமத்தில் அச்சிடலாம். அச்செவிலியரைப் பொறுத்தவரை, வண்டி நின்றதும் கால் ஊன்றும் அவருடைய பழக்கம், நாள்தோறும் பலமுறை சிக்னலில் நிற்க வேண்டிய எவருக்கும் உரியது என்பதால், தடுப்பூசிக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் பொருட்டு அவருக்கு விரைவில் மறுதேர்வு அளிக்குமாறும், அன்று வேலியோரத்தில் சிரிப்பவர்களை எட்டுக்கு உள்ளே நிறுத்தி வைக்குமாறும் வேண்டப்படுகிறது.

இவ்விண்ணப்பத்தின் நகல், உரிய வரைபடங்களுடன் நெடுஞ்சாலைத் துறைக்கும், ஷேர் ஆட்டோக்கள் இனி எட்டின் நடுப்புள்ளியில் மட்டுமே நிற்க வேண்டும் என்ற ஆணையைக் கோரிக் காவல் துறைக்கும், சாலையைக் கடக்கும் மாடுகளுக்கு எட்டு போடப் பயிற்சி அளிக்க இயலுமா என்ற வினாவுடன் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் அனுப்பப்படுகிறது. மாடுகளிடமிருந்து பதில் முதலில் வரக்கூடும்.