பகை மட்டும் நமக்கு

அமெரிக்காக்காரனைப் பார்த்து நமக்கு ஒரே சிரிப்பு. ஒரு கட்சிக்காரன் ஃபாக்ஸ் நியூஸ் மட்டும் பார்ப்பானாம், மற்றவன் அதற்கு எதிரான சேனல் மட்டும் பார்ப்பானாம், பண்டிகை விருந்தில் அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாம். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக்கை ஆறவிட்டு இதைப் பேசிச் சிரிக்கிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர், பக்கத்து மேசையில் சொந்தத் தம்பி உட்கார்ந்திருந்தாலும் திரும்பிப் பார்க்காதவர்கள்.

இந்த வித்தையில் மலேசியத் தமிழர்கள் நாம் அமெரிக்காவுக்கு மூத்தவர்கள். ஃபாக்ஸ் நியூஸ் பிறந்தது 1996இல். அதற்கு வெகு முன்பே மலேசிய இந்திய காங்கிரஸான ம.இ.கா.வில் சாமி அணி, சுப்ரா அணி என்று பிரிந்து நாற்காலியைத் தூக்கியவர்கள் நாம். தமிழ் நேசன் சாமிவேலு குடும்பத்தின் கையில். பின்னால் வந்த மக்கள் ஓசை சுப்ரா பக்கம் சாய்ந்தது. கையில் இருக்கிற பேப்பரைப் பார்த்தே ஆள் எந்த அணி என்று சொல்லிவிடலாம். ஒரே பேராளர் மாநாடுதான். ஒரு பேப்பரில் அரங்கம் அதிரும் கரவொலி, இன்னொன்றில் காலி நாற்காலிகள். இரண்டையும் வாசித்தால், மாநாட்டுக்கு நேரில் போய் வந்தவனுக்கே தான் போனது எந்த மாநாடு என்று சந்தேகம் வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் கிள்ளான் பக்கம் பலகை வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்த காலத்தில், யார் யாருக்கு ஆளுயர மாலை போட்டார் என்பதுதான் நம் முதல் பக்கச் செய்தி. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றது. நஷ்டம் என்றார்கள். யாருக்கு நஷ்டம் என்று எவரும் கேட்கவில்லை.

நாம் மட்டும் என்ன, நாடே அப்படித்தான். ஸ்டாருக்கு முதலாளி மலேசிய சீனர் சங்கமான ம.சீ.ச., உத்துசானுக்கு அப்போது அம்னோ. 1987 ஆகஸ்டில் அமெரிக்கா, வானொலியும் டிவியும் எதிர்த் தரப்பின் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றிருந்த விதியைத் தூக்கி எறிந்தது. மூன்று மாதம் ஆகுமுன்பே இங்கே ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டை. ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்றின் உரிமமும் முடக்கம். அங்கே ஒரு தரப்பை மட்டும் பேசலாம் என்று அவிழ்த்துவிட்டார்கள். இங்கே ஒரு தரப்பு மட்டும்தான் பேசலாம் என்று கட்டிப்போட்டார்கள். 2013இல் 47 விழுக்காடு ஓட்டு வாங்கிய, அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கு 222இல் 133 இடம் கிடைத்தது. கிடைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? மே 7ஆம் தேதி உத்துசான் முதல் பக்கத்தில் கேட்டது: சீனர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?

இந்தக் கூத்தின் உச்சம் 2022 நவம்பர். "அன்வார் வேண்டாம், ஜ.செ.க. வேண்டாம்" என்று அம்னோ தொண்டை வறளக் கத்தியது. தேசிய முன்னணிக்குப் போடும் ஓட்டு அம்னோ தலைவர் ஸாஹிட்டை ஊழல் வழக்கிலிருந்து காப்பாற்றும் ஓட்டு என்று அன்வாரின் பக்காத்தான் ஒவ்வொரு செராமாவிலும் எச்சரித்தது. 19ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். பக்காத்தானுக்கு 82, தேசிய முன்னணிக்கு 30, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 24ஆம் தேதி அன்வார் பிரதமர். டிசம்பரில் ஸாஹிட் துணைப் பிரதமர். 2023 செப்டம்பர் 4இல் அவர் மேல் இருந்த 47 குற்றச்சாட்டுகளிலிருந்தும், விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு. எச்சரித்தவர்கள் வாக்குச் சுத்தம் உள்ளவர்கள், ஐயா! ஸாஹிட்டுக்கு என்ன நடக்கும் என்றார்களோ அதைத் தங்கள் ஆட்சியிலேயே நடத்திக் காட்டினார்கள்.

கட்சித் தாவலைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2022 அக்டோபர் 5 முதல் இருக்கிறது. எம்.பி. ஒருவர் தனியாகத் தாவினால் பதவி போகும். கட்சியே மொத்தமாகத் தாவினால் அதற்குப் பெயர் ஒற்றுமை அரசாங்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் மாட்டிக்கொண்ட மாமியாரையும் பிள்ளைகளையும், கிள்ளானிலிருந்து கடன் வாங்கிய படகோடு வந்து இறக்கியவர் அந்த வீட்டு மச்சான். ஒரு வருடம் ஆகவில்லை. அவர் தேசிய முன்னணிக்கு ஆதரவாக ஒரு டிக்டாக் காணொளியைப் போட்டார் என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள் இரண்டு கூட்டணியும் ஒரே பக்கம் உட்கார்ந்தன. மச்சானை இன்னும் குழுவில் சேர்க்கவில்லை. அவர் மகள் சடங்குக்கும் இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. ஸாஹிட்டும் அன்வாரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இவர்கள் ஒரே பந்தியில் சாப்பிட மாட்டார்கள்.

அதே 2022 நவம்பரில், அரசு அமையுமுன்பே, டிக்டாக்கில் 1969 மே 13 இனக்கலவரத்தைக் காட்டிப் பயமுறுத்தும் காணொளிகள் குவிந்தன. முன்பு விஷத்தை அச்சடிக்க உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். இப்போது கட்டைவிரல் போதும். அமெரிக்காவிலாவது 2023 ஏப்ரலில், தேர்தல் பொய்களுக்காக, வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனுக்கு ஃபாக்ஸ் 787.5 மில்லியன் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. இங்கே இனப்பகை பேசிச் சம்பாதித்தவனுக்கு நெஞ்சில் பதக்கம் குத்தி, பெயருக்கு முன்னால் டத்தோவும் சேர்த்துக் கொடுப்போம்.

நம் ஓட்டு எத்தனை? நாட்டில் இந்தியர் சுமார் 7 விழுக்காடு. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. 2022இல் ம.இ.கா. வென்றது தாப்பா ஒன்றுதான். 2023 ஆகஸ்டில் ஆறு மாநிலத் தேர்தல். ஓரிடத்திலும் அது நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மனிதவள அமைச்சர் சிவகுமார் நீக்கப்பட்டபோது அமைச்சரவையில் தமிழர் ஒருவரும் இல்லை. அன்றைக்கும் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் என்ன சண்டை தெரியுமா? இது ம.இ.கா.வின் குற்றமா, ஜ.செ.க.வின் குற்றமா என்று.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 பிப்ரவரிக்குள் வந்தாக வேண்டும். லிட்டில் இந்தியாவில் மறுபடி மேடை போடுவார்கள், இவன் துரோகி, அவன் எதிரி என்பார்கள். அப்போது எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், ஐயா, அம்மா: தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள் இவர்களில் யாரோடு உட்காரப்போகிறீர்கள்? பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தராதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.