பதினாறு கோர்களும் ஒரு மெட்டும்

வீட்டு அறையில் இசையமைக்க முற்படுவோர், மெட்டு அமையும் முன்பே பிராசசரைத் தேர்ந்தெடுப்பதில் பல மாதங்களைச் செலவிடுவது இக்காலத்து ஏற்கப்பட்ட சாதகமுறையாகும். 48,000 ஹெர்ட்ஸ் வீதத்தில் 128 மாதிரிகள் கொள்ளும் பஃபர், அதாவது ஒலித்துணுக்குகள் காத்திருக்கும் தற்காலிக இடம், ஏறத்தாழ 2.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை பிராசசரால் நிரப்பப்பட வேண்டும். தவறினால் ஒலிபெருக்கி 'படக்' என்னும். ஒரே தடத்தில் அடுக்கப்பட்ட கம்ப்ரெஸர், ரிவெர்ப் முதலிய பிளகின்கள், அதாவது ஒலியை மெருகேற்றும் துணைமென்பொருள்கள், ஒன்றன் வெளியீட்டை மற்றொன்று எதிர்பார்த்து நிற்பதால், அவற்றைப் பெரும்பாலும் ஒரே கோர், அதாவது பிராசசருக்குள் உள்ள தனிக் கணிப்பகுதி, வரிசையாகச் செய்து முடிக்க வேண்டியிருக்க, வேறு தடங்கள் இல்லாதவிடத்து பதினாறு கோர்களில் மீதிப் பதினைந்தும் இலை போடக் காத்திருக்கும் பந்தி விருந்தினர்போல் அமர்ந்திருக்கும். ஆயினும் வாங்குவோர் கோர்களின் எண்ணிக்கையையே நாடுவர். உறவினருக்கு விளக்க அதுவே எளிது. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டை நான்கு தட நாடாப்பதிவுக் கருவிகளைக் கொண்டே உருவாக்கினர் என்பதும் இவர்களுக்கு நன்கு தெரியும். அதைக் கூறும் காணொளியைத் தடங்கலின்றிக் காணப் புதிய பிராசசர் பெரிதும் உதவுகிறது. அதனைக் குளிர்விக்கும் மின்விசிறியின் இரைச்சலோ, மெல்லிய குரலைப் பதியும்போது கண்டென்சர் மைக்கில் சுருதி பிசகாமல் ஏறிவிடுகிறது. அதை நீக்கத் தனியே ஒரு பிளகின் விற்கப்படுகிறது, அது இயங்கச் சற்றே வேகமான பிராசசர் வேண்டும்.