வெள்ளி வேண்டாம், உப்பு போதும் தாயே!

காட்டுப்பாக்கத்தில் ‘சாம்பர்’ என்று சொல்லிப் பாருங்கள், “இட்லிக்கா, வடைக்கா?” என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் கிடக்கும் சாம்பர் ஏரி. பருப்பு கிடையாது, புளி கிடையாது. உப்பு மட்டும் ரொம்பத் தூக்கல்.

நம்ம செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் அடையாற்றில் திறந்துவிட வேண்டும். 2015 வெள்ளத்தை யார் மறப்பார்கள்? சாம்பர் அப்படி ஊதாரி இல்லை. மழைக்காலத்தில் மேந்தா, ரூபன்கர் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும். வெளியே போக வழியே கிடையாது. வெயில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போகும். உப்பு, காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரர் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்பு. கோடையில் பல இடங்களில் கணுக்கால்கூட நனையாது.

ஸ்தலபுராணம் இப்படி: சாகம்பரி தேவி மனமிரங்கி, காட்டை வெள்ளிச் சமவெளியாக்கிக் கொடுத்தாளாம். ஊர்க்காரர்கள் பதறிப்போய், “தாயே, இதுக்கு வெட்டுக்குத்து நடக்கும், வேண்டாம்” என்றார்கள். சரியென்று வெள்ளியை உப்பாக்கினாள். உப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஊர் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

வந்தார்கள். சவுகான் ராஜாக்கள் தலைநகரே வைத்தார்கள். 1562-இல் அக்பர் ஆம்பேர் ராஜா வீட்டுப் பெண்ணை மணந்தது இங்கேதான். பந்தியில் உப்புப் பத்தவில்லை என்று எந்தச் சம்பந்தியும் முறைத்திருக்க முடியாது. பிறகு ஜெய்ப்பூரும் ஜோத்பூரும் பங்காளிகளாக அனுபவித்தன. 1870-இல் வெள்ளைக்காரன் குத்தகைக்கு எடுத்தான்.

அவனுக்கு உப்பின்மேல் அப்படியொரு பாசம். வரி கட்டாத உப்பு நுழையக்கூடாதென்று நாட்டுக்குக் குறுக்கே முள்வேலியே வளர்த்து வைத்திருந்தான்! அதைத் தழைக்க வைத்த சுங்க அதிகாரிகளில் ஒருவர் ஏ. ஓ. ஹியூம். ஏரி கைக்கு வந்தபின் விளையும் இடத்திலேயே வரி வாங்கிவிடலாமே. 1879-இல் வேலியைக் கைவிட்டார்கள். ஹியூம் 1885-இல் காங்கிரஸ் தொடங்க முன்னின்றார். அதே காங்கிரஸின் ராஜாஜி 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனார்.

வெள்ளியாகவே விட்டிருந்தால் நாலு பேர் அடித்துக்கொண்டு சுரண்டியிருப்பார்கள், சண்டையும் அதோடு தீர்ந்திருக்கும். உப்போ வருஷா வருஷம் விளைகிறது. இன்றைக்கும் திருட்டுத்தனமாக ஆழ்துளைக் கிணறு போட்டு அந்த உப்புநீரை உறிஞ்சுகிறார்கள். அம்மன்மேல் தப்பில்லை, வெள்ளிக்குத்தான் அடிதடி வரும் என்று நம்பிய ஊர்க்காரர்கள்தான் விவரம் பத்தாதவர்கள்.