மூளைக் கோளாறா, மூளைப் படிப்பா?

கேள்வி: சிப்காட்டில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கும் என் தம்பி, வேலையை விட்டுவிட்டு ‘காக்னிட்டிவ் சயின்ஸ்’ படிக்கப் போகிறானாம். அவனுக்கு மூளைக் கோளாறா?
– ஒரு வாசகி, வல்லம் வடகால்

பதில்: கோளாறு இல்லை, படிப்புதான். உளவியல், நரம்பியல், மொழியியல், தத்துவம், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே பந்தியில் உட்காரும் படிப்பு. தம்பிக்குப் பாதி அனுபவம் ஏற்கெனவே உண்டு. நைட் ஷிஃப்டில் ஒரே மாதிரி பாகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கண் திறந்திருக்கும். கீறல் மட்டும் தெரியாது. ஒரு கடிகார முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும், அதைக் கவனித்துச் சொல்லுங்கள் என்று ஆட்களை உட்காரவைத்து இதையே சோதித்தார் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த். முடிவு 1948-இல் வெளிவந்தது: அரை மணி நேரத்திலேயே கோட்டைவிட ஆரம்பித்துவிட்டார்கள். தம்பியின் சூப்பர்வைசரோ எட்டு மணி நேரம் கேட்கிறார்!

இதே துறையில், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், ஒரு பெட்டிக்குள் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தே, துண்டிக்கப்பட்ட கையில் தோன்றும் வலியைக் குறைத்துக் காட்டினார். செலவு கம்மி, யோசனை ஜாஸ்தி.

ஐ.ஐ.டி. காந்திநகரிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் காக்னிட்டிவ் சயின்ஸில் எம்.எஸ்சி. இருக்கிறது, இன்ஜினியரிங் படித்தவர்களும் முயலலாம். முதலில் அட்மிஷன் கையில் வரட்டும். ராஜினாமா எழுத ஐந்து நிமிஷம் போதும்.