முதல் பரிசு இல்லாத ஓட்டம்

வெயில் தொடங்கிய பிறகு ஊர்விட்டு ஊர் போய் ஓடிவிட்டு வருவது புத்தியுள்ளவன் செய்கிற காரியமா என்று மணவாளக்குறிச்சிச் சந்திப்பில் நின்று கேட்டால், பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் சிவராத்திரி என்றைக்கு என்று காலண்டரைப் பார்ப்பார்கள். மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் குளச்சல், கருங்கல், புதுக்கடை என்று பஸ் பிடித்து முன்சிறைக்குப் போய், பிற்பகலில் திருமலை மகாதேவரைக் கும்பிட்டு ஓடத் தொடங்க வேண்டும். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எல்லாம் கடந்து திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பன்னிரண்டு கோயில்களில் ஒன்றுகூட மணவாளக்குறிச்சியில் இல்லை. கூப்பிடு தூரத்தில் மண்டைக்காட்டம்மன் இருக்கிறாள். காலாற நடந்து போய் மண்டையப்பம் நேர்ந்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். அதை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஓடுவது தேவையா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வெயிலில் ஓடுவது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டால், இப்படி ஓடுகிற கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கோவிந்தன்மாரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி. ஓடுகிறவனைச் சுருட்டிப் போடுவதில் வெயிலுக்குப் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு முதல் பரிசுக்கு.

சாட்சிக்கு 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானை அழைக்கிறேன். ஆகஸ்ட் 30, பிற்பகல் மூன்று மணி, 32 டிகிரி வெயில், புழுதி பறக்கும் மண் ரோடு. வழி நெடுக ஓரிரண்டு இடத்தில்தான் குடிதண்ணீர். தண்ணீர் குடிக்காமல் மனிதன் எவ்வளவு தூரம் ஓடுவான் என்று பார்க்க அமைப்பாளருக்கு ஆசையாம். புறப்பட்டவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். பிரெட் லோர்ஸ் என்பவர் களைத்துப்போய்ப் பதினெட்டு கிலோமீட்டர் அளவுக்குக் காரில் ஏறி வந்து, கார் மக்கர் பண்ணியதும் இறங்கி ஓடி, முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்துவிட்டார். குட்டு வெளிப்பட்டது. அப்புறம் முதல் பரிசு பெற்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் தண்ணீருக்குப் பதிலாகக் கிடைத்தது முட்டை வெள்ளைக்கருவில் கலந்த ஸ்ட்ரிக்னைன், கூடவே பிராந்தி. ஸ்ட்ரிக்னைன் எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட சரக்கு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லென் தௌன்யானேயை நாய் துரத்தியதில் அவர் பாதையை விட்டு வெகுதூரம் விலகி ஓட வேண்டியதாயிற்று. அது பழங்காலம் என்று ஒதுக்கவும் வழியில்லை. 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானையே தூக்கிக் குளிரான சப்போரோவுக்குக் கொண்டுபோனார்கள்.

இனி நம்மவர்களின் ஏற்பாட்டைப் பாருங்கள். காவி அல்லது மஞ்சள் வேட்டி, விபூதிக்கு ஒரு சின்னப் பை, காசுக்கு ஒன்று, கையில் பனையோலை விசிறி. சிவனுக்கு வீசத்தான் விசிறி என்பார்கள். போகிற வழியில் தனக்கும் நாலு வீசு வீசிக்கொண்டால் சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார். கடலோர மாவட்டத்தில் காற்றில் ஈரம் அதிகம். உடம்பிலிருந்து வழிகிற வியர்வை ஆவியாகாமல் அப்படியே நிற்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், அதற்கு மேலே தேங்கிய காற்று விலகியாக வேண்டும். பனையோலைக்கு அந்த வேலை தெரியும். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கிக் குளித்து, ஈரத்துணியோடு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, ஈரத்தோடேயே அடுத்த கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். உடம்பு சூடேறியவனைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கு என்று இன்றைய விளையாட்டு மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். வழியில் ஊர்க்காரர்கள் மோரும் பானகமும் சுக்குக் காப்பியும் கஞ்சியும் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். பெயர்ப் பதிவு, நுழைவுக் கட்டணம், சட்டையில் குத்தும் எண் ஒன்றும் கிடையாது. கடைசியாக வருகிறவனுக்கும் அதே விபூதி.

எங்கெங்கே நிற்க வேண்டும் என்ற விதி, இந்தப் பன்னிரண்டு கோயில்களுக்கும் சொல்லப்படும் கதையிலேயே இருக்கிறது. விஷ்ணு நாமம் காதில் விழுந்தால் பொறுக்காத சிவபக்தனான புருஷாமிருகத்திடம் கிருஷ்ணன் அனுப்பி வைக்க, பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கத்திக்கொண்டு ஓடினான், மிருகம் துரத்தியது. நெருங்கும்போதெல்லாம் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாகிவிடும். மிருகம் நின்று பூசை செய்துவிட்டுத்தான் மறுபடி துரத்தும். இப்படிப் பன்னிரண்டு தடவை. துரத்துகிறவனே ஓய்வெடுத்துக்கொண்டு துரத்திய ஓட்டம் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. முடிவில் பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்கு உள்ளே, இன்னொரு கால் வெளியே. வழக்கு தர்மரிடம் போனபோது, சொந்தத் தம்பி என்றும் பாராமல் பாதி உடம்பு மிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னார். கேமரா வைத்து முடிவு பார்க்கிற இந்தக் காலத்திலும் அப்படி ஒரு நடுவர் கிடைப்பது கஷ்டம்.

இதெல்லாம் பக்தி, விளையாட்டோடு சேர்க்கலாமா என்பார்கள் சிலர். கால் தசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பொன்மனை தாண்டும்போது இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பிடித்துக்கொள்ளும். முக்கால்வாசி நடைதானே, இதற்கு ஓட்டம் என்று பெயரா என்பது இன்னொரு கேள்வி. நூறு கிலோமீட்டரில் முக்கால்வாசியை நடக்கிறவன்தான் கடைசிக் கோயிலைப் பார்ப்பான். மேல்நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களும் மேட்டைக் கண்டால் நடக்கத்தான் செய்கிறார்கள். வெறுங்காலில் தாரில் ஓடுவது ஆபத்து என்ற ஆட்சேபத்தை மட்டும் நான் மறுக்கவில்லை. செம்மண் பாதைக்கு ஏற்பட்ட வழக்கம் அது. மாசி மத்தியானத்துத் தாருக்கு ஏற்பட்டதல்ல. சூரியன் இறங்கும்வரை மெதுவாகப் போய், தூரத்தை இரவில் கழிப்பதே விவேகம். சிவராத்திரி அமாவாசையை ஒட்டி வருவதால் நிலாவை நம்ப முடியாது, டார்ச் அவசியம்.

மிச்சமிருப்பது பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டு கோயிலையும் சுற்றி வருகிறவர்களின் சங்கதி. லோர்ஸைப்போல இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, பரிசும் கேட்கவில்லை; வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் வேன்தான் வழி, அதைக் குறை சொல்வதற்கில்லை. இளவட்டங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இரவில் ஈர வேட்டியோடு ரோட்டோரம் ஒருவர் நொண்டி நொண்டிப் போவதைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போங்கள்.