வெந்தய வாசனை

1988. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு முதலாண்டு. கைவேலை வகுப்புக்குக் காகிதக்கூழில் கிளி செய்து வரச் சொன்னார்கள். பழைய தினத்தாளை இரண்டு நாள் ஊறப்போட்டு, வெந்தயத்தோடு உரலில் ஆட்டினோம். வெந்தயம் சேர்ந்தால்தான் கூழ் இறுகும், பூச்சியும் அண்டாது. கையில் அந்த வாசனை ஒரு வாரம் போகாது. என் கிளிக்குக் கழுத்து கொஞ்சம் கோணல். ஆனாலும் மாதிரிப் பாடத்தில் அதைப் பழம் தின்னவைத்துக் கழித்தல் கணக்கு நடத்தி, ‘துணைக்கருவி நன்று’ என்று சிவப்பு மையில் வாங்கிவிட்டேன்.

அதை மஞ்சள்பையில் போட்டுக்கொண்டுதான் முதல் பள்ளிக்குப் போனேன். ஆறாம் வாய்பாட்டைக் கும்மி மெட்டில் போட்டு, பிள்ளைகளோடு சுற்றிவந்து பாடிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இது பள்ளிக்கூடமா, திருவிழாவா? ஆய்வுக்கு ஏ.இ.ஓ. வந்தா நான் என்ன சொல்றது?”

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடினோம். கிளி பீரோவுக்குள் போனது.

2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. கொரோனாவில் விட்டுப்போனதை மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுக்கும் திட்டம். பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம்! முப்பது வருடம் திருட்டுத்தனமாகச் செய்ததை அரசாங்கமே செய்யச் சொல்கிறது, எனக்குக் கசக்குமா?

பயிற்சிக்குப் போனேன். காலையிலிருந்து பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கருத்தாளர் திரையைப் பார்த்து வாசித்தார்: பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்காரவைக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே குறித்துக்கொண்டோம். மூன்றரை மணிக்கு விரல் பொம்மை. இருபது நிமிடத்தில் பாதி, கத்தரிக்கோல் கைமாறி வருவதிலேயே போயிற்று. (நாற்பது டீச்சருக்கு நான்கு கத்தரிக்கோல். இதையே கணக்காகப் போட்டிருக்கலாம்.) என் காகத்துக்கு ஒரு றெக்கை ஒட்டுவதற்குள் “எல்லாரும் கையத் தூக்குங்க, போட்டோ!” என்றார்கள். ஒற்றை றெக்கைக் காகம் வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. பயிற்சி முடிந்தது.

மறுநாள் அதை வகுப்பில் ஆட்டினேன். ஒரு பொடியன் கேட்டான்: “டீச்சர், இது எப்படிப் பறக்கும்?” இன்னொரு றெக்கையை அவனையே வெட்டச் சொன்னேன். அந்த ஒரு பீரியட் முழுக்க அதற்கே சரியாகிவிட்டது.

ஆறாம் வாய்பாட்டை இன்றும் அதே கும்மி மெட்டில்தான் சொல்லித்தருகிறேன், கதவைத் திறந்துவைத்தே. எந்தப் பயிற்சியிலும் வராததால் அதற்குப் போட்டோ கேட்பதில்லை.